திருவிழாவில் தூண்டிலுக்கு இடமில்லை

ஏரி வளர்த்த ஊர்கள் – 17

மாசி பிறந்துவிட்டால் சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்திலிருந்து செய்திகள் வரத் தொடங்கும். சிங்கம்புணரி அருகே ஒரு கண்மாயில் மீன்பிடித் திருவிழா, மேலூர்ப் பக்கம் இன்னொன்று, நத்தம் பக்கம் வேறொன்று. அறுவடை முடிந்து, தண்ணீர் முழங்காலுக்கு வற்றியிருக்கும். அதுவரை கண்மாயில் யாரும் மீனைத் தொடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. குறித்த நாளில் விடியும் முன்பே சுற்றுவட்டாரச் சனமெல்லாம் கரையில் கூடிவிடும். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் தண்ணீரில் பாயும். கையில் ஊத்தா, கச்சா, பரி என்று மீன்பிடிக் கருவிகள், கூடை, வலை. ஒன்றும் வாய்க்காதவர் கையில் பழைய சேலை. ஆயிரம் கால்கள் பட்டுச் சேறு கலங்க, மூச்சுக்குத் தவித்து மேலே வரும் விராலும் கெளுத்தியும் ஊத்தாவுக்குள் மாட்டும். பிடித்ததை விற்பதில்லை. அன்று மாலை ஊரெல்லாம் மீன் குழம்பு மணக்கும்.

அந்தக் கூட்டத்தில் தூண்டில்காரரைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார். கலங்கிய தண்ணீரில் தக்கை போட்டு என்ன பயன்? தூண்டிலுக்கு அசையாத தண்ணீர் வேண்டும், அசையாத ஆள் வேண்டும். திருவிழாவில் இரண்டுமே கிடையாது.

தாம்பரத்து ஏரிகளைப் பற்றிய தொடரில் தென்மாவட்டத்துக் கண்மாய் எதற்கு என்று கேட்கலாம். நம் ஏரிகள் எதை இழந்தன என்று புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மீன்பிடித் திருவிழா என்பது பாசனத்தின் கடைசி நாள். மதகு திறந்து, வயலுக்குப் பாய்ந்து, பயிர் விளைந்து, நீர்மட்டம் இறங்கிய பிறகு மிஞ்சியதை ஊர் பங்கு போட்டுக்கொள்ளும் நாள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல், இருக்கும் இடத்தில்தான் அது இருக்கும்.

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், இரும்புலியூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர் என இங்குள்ள ஏரிகள் எல்லாமே நெல்லுக்காக வெட்டப்பட்டவை. ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்தது நிரம்பும். செம்பாக்கத்தில் மிஞ்சியது நன்மங்கலம் போய், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியே பள்ளிக்கரணையில் சேரும். இன்று அந்த வயல்களில் நாம் குடியிருக்கிறோம். மதகைத் திறக்க ஆளில்லை, திறந்தால் தண்ணீர் யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்ற பயம் வேறு. கழிவுநீர் மட்டும் நாள்தோறும் வந்து சேர்கிறது. அதனால் பல ஏரிகள் சித்திரை வெயிலிலும் வற்றுவதில்லை. வற்றாத ஏரியைப் பார்த்து மகிழத்தான் தோன்றும். ஆனால் ஏறி இறங்கும் பருவத்தை அந்த ஏரி தொலைத்துவிட்டது. ஊர் கூடி இறங்க ஒரு நாள் இனி அதற்கு இல்லை.

கூட்டம் போன பின்னும் இங்கே மிஞ்சி நின்றது தூண்டில்தான். தண்ணீர் வற்ற வேண்டாம், கட்டுப்பாடு வேண்டாம், துண்டு வீச ஆளும் வேண்டாம். ஒரு மூங்கில் கழி, நரம்பு, முள், கொஞ்சம் ஈயம், தக்கைக்கு ரப்பர் செருப்பில் அறுத்த ஒரு துண்டு. இரையாக மண்புழு, அது கிடைக்காவிட்டால் மைதா உருண்டை. பீர்க்கன்காரணை ஏரிக்கரையில் இப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம்தான் நான் தக்கையைப் படிக்கக் கற்றேன். “தண்ணியப் பாக்காத தம்பி, தக்கையப் பாரு” என்றார். தக்கை படபடவென்று துள்ளினால் பொடிக் கெண்டை புழுவைக் கொத்துகிறது, கழியைத் தொடவே வேண்டாம். மெதுவாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நகர்ந்தால் கெளுத்தி. அப்படியே உள்ளே போய்விட்டால் விரால்.

“எல்லாத்தையும் பிடிப்பீங்களாய்யா?”

“குஞ்சு வெச்சிருக்கற விரால மட்டும் தொட மாட்டேன்.”

அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். கோரைப் புல்லோரம் கை காட்டினார். செம்பழுப்பில் பொடிப்பொடியாக ஒரு கூட்டம் நீர்மட்டத்தில் நுரைப்பது போல மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்கியது. அவ்வளவும் விரால் குஞ்சுகள். அவற்றுக்குக் கீழே எங்கோ தாயும் தகப்பனும் காவல் நிற்கும், அருகில் எது வந்தாலும் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும். அந்த நேரத்தில் விராலைப் பிடிப்பது மிகச் சுலபம். பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. அறிவிப்புப் பலகை எதுவும் சொல்லித்தராத இந்தக் கணக்கு அவர் கையில் இருந்தது.

கூட்டத்தில் தூண்டில் ஒதுங்கிப்போவது நம் ஊரில் மட்டுமல்ல. ஆங்கிலேயர் துப்பாக்கியையும் தூண்டிலையும் ஒரே பொழுதுபோக்கின் இரு கைகளாகப் பார்த்தார்கள். 1879-இல் நீலகிரிக்கென்று கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டமே வேட்டை விலங்கையும் மீனையும் சேர்த்துத்தான் பேசியது. பிரிட்டனில் 1958-இல் ஸ்டெட்ச்வொர்த்தில் தொடங்கிய கேம் ஃபேர் என்ற பெரிய நாட்டுப்புறக் கண்காட்சியும் அதே மரபுதான். வேட்டை நாய், துப்பாக்கி, தூண்டில் எல்லாம் ஒரே திடலில். அப்படிப்பட்ட கண்காட்சிகளில் தூண்டிலின் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது என்ற வருத்தம் அங்கேயும் உண்டு. கூட்டமும் கடைகளும் பெருகும் இடத்தில் முதலில் ஓரம் கட்டப்படுவது அமைதியான வேலைதான் போலும்.

சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1887-இல் இந்தியக் குளங்களிலும் ஏரிகளிலும் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே ஒரு தனி நூல் எழுதினார். நம் ஏரித் தண்ணீரை ஒரு புத்தகத்துக்குரிய விஷயமாக அவர் பார்த்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்களின் அறிவோ எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கிறது.

எழுதி வைக்க வேண்டிய அவசரமும் இருக்கிறது, ஏனென்றால் முள்ளில் மாட்டுவது மாறிவிட்டது. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபி எந்த அழுக்கிலும் பெருகும், எந்த இரையையும் கடிக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000-இலேயே மத்திய அரசு தடை விதித்தது. ஆனாலும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் அந்த மீன், மற்ற மீன் செத்து மிதக்கும் சாக்கடையிலும் பிழைத்து, கண்ணில் பட்டதை எல்லாம் விழுங்குகிறது. மீன்தொட்டியில் வளர்த்து அலுத்துப்போய் யாரோ கொட்டிவிட்ட தென்னமெரிக்க டேங்க் கிளீனர் மீன்களும் இப்போது சென்னை நீர்நிலைகளில் உண்டு. குரவையும் பனையேறியும் ஆரலும் எந்த ஏரியில் இன்னும் மிச்சம் இருக்கின்றன என்று இன்று யாரைக் கேட்பது? வாரம் தவறாமல் கரையில் உட்காருகிற தூண்டில்காரரைத்தான் கேட்க வேண்டும்.

அவரையே நாம் வெளியே நிறுத்திக்கொண்டிருக்கிறோம். ஏரியைப் புதுப்பிப்பது என்றால் தூர்வாரி, கரையை உயர்த்தி, நடைபாதை போட்டு, வேலி அடித்து, விளக்கு வைப்பது என்று ஆகிவிட்டது. குப்பையையும் ஆக்கிரமிப்பையும் தடுக்க வேலி தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரையோரம் சரிவாக இருந்த ஆழமில்லாத விளிம்பை வெட்டிச் செங்குத்தாக்கும்போது கோரை போகிறது, விரால் குஞ்சு ஒதுங்கும் இடம் போகிறது, கழி நீட்டும் இடமும் போகிறது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் ஒரு பக்கம் விரட்டுகிறார், தடைப் பலகை மறுபக்கம் மிரட்டுகிறது. ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் தக்கை போடத் தண்ணீரே தெரிவதில்லை.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, இந்த ஏரிகளில் பெரும்பாலானவை ஒரே எல்லைக்குள் வந்தன. தென்மாவட்டத்து ஊத்தாத் திருவிழாவை இங்கே கொண்டுவர முடியாது. ஆயக்கட்டு இல்லாத ஊரில் அது வேஷமாகத்தான் இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளியும் தை மாதத்தில், ஓரளவு சுத்தமாக இருக்கும் ஏரியாகப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைத் தூண்டிலுக்கு ஒதுக்கலாம். பெரியவர்கள் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் உட்காரட்டும். மாட்டும் ஒவ்வொரு மீனின் பெயரையும் நீளத்தையும் நோட்டில் குறிக்கட்டும். நாட்டு மீனைத் திரும்ப நீரில் விடட்டும், ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடாமல் எடுத்துவிடட்டும். பத்து வருடம் தொடர்ந்தால், எந்த ஏரி தேறுகிறது, எது சாகிறது என்பதற்கு நம் கையில் சொந்தக் கணக்கு இருக்கும்.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் நியாயம் உண்டு. அறுந்து கிடக்கும் நைலான் நரம்பு கூழைக்கடாவின் காலைச் சுற்றினால் அந்தப் பறவை பட்டினியில் சாகும். எனவே நரம்பு, முள் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். 2022-இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் காப்புக்காடு. அங்கே தூண்டில் போகவே கூடாது. கழிவுநீர் கலக்கும் ஏரியின் மீனைச் சாப்பிடச் சொல்லி நான் யாரையும் அழைக்கவில்லை. பீர்க்கன்காரணைப் பெரியவரிடமும் அதைக் கேட்டேன். “முன்ன வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். இப்ப பிடிச்சுப் பிடிச்சு விட்டுட்றேன்” என்றார். கரைக்கு வருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. மாநகராட்சி அப்படி ஒரு காலையை அறிவித்தால், முதல் நோட்டில் எழுத மீன் பெயர்களைச் சொல்ல அவர் வருவார், நானே கூட்டி வருகிறேன்.

(அடுத்த வாரம்: மாடம்பாக்கம் ஏரிக்குள் இருக்கும் குடிநீர்க் கிணறுகள்)