தடா, பொடா, உபா: பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களின் நன்மைகளும் குறைகளும்

பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் என்பவை, குண்டுவெடிப்பு, ஆயுதத் தாக்குதல் போன்ற குற்றங்களை விசாரிக்கக் காவல்துறைக்கும் நீதிமன்றங்களுக்கும் வழக்கமான சட்டத்தில் இல்லாத கூடுதல் அதிகாரங்களை அளிக்கும் சட்டங்கள் ஆகும். இந்தியாவில் தடா (1985–1995), பொடா (2002–2004) ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. தற்போது நடைமுறையில் இருப்பது 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். இதைச் சுருக்கமாக ‘உபா’ என்பர். பயங்கரவாதம் குறித்த பிரிவுகள் இதில் 2004இல் சேர்க்கப்பட்டன.

கூடுதல் அதிகாரங்கள்

வழக்கமான சட்டப்படி, காவல் அதிகாரியிடம் ஒருவர் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிரான சாட்சியம் ஆகாது. தடா, பொடா ஆகியவற்றில், காவல் கண்காணிப்பாளரோ அவருக்கு மேற்பட்ட அதிகாரியோ பதிவு செய்த வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்பட்டது. உபாவில் இந்த விதி இல்லை. ஆனால் குற்றச்சாட்டு முதல்நோக்கில் உண்மை எனத் தோன்றினாலே பிணை மறுக்கப்படும். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் காலத்தையும் 180 நாட்கள் வரை நீட்டிக்கலாம்.

நன்மைகள்

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் 166 பேர் இறந்தனர். டெல்லி அருகிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படை வந்துசேரப் பல மணி நேரம் ஆயிற்று. இதன்பின் அப்படையின் மையங்கள் சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களில் அமைக்கப்பட்டன. மாநில எல்லைகளைக் கடந்து விசாரிக்கத் தேசியப் புலனாய்வு முகமை உருவாயிற்று. பயங்கரவாத அமைப்புகளைத் தடை செய்யவும், அவற்றின் பணத்தை முடக்கவும் உபா வழி செய்கிறது.

சேர்வராயன் மலைக்கு மேற்கே

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக்கு மேற்கே மேட்டூர் அணையும், அதற்கு அப்பால் தமிழக–கர்நாடக எல்லைக் காடுகளும் உள்ளன. சந்தன மரக் கடத்தல்காரர் வீரப்பன் நடமாடிய பகுதி இது. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே அவரது கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர். வீரப்பனைப் பிடிக்க இரு மாநில அதிரடிப்படைகளும் முனைந்தன. கர்நாடகத்தில் தடா சட்டமும் பயன்படுத்தப்பட்டது.

மலைக்கிராம மக்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மைசூரு சிறையில் அடைக்கப்பட்டனர். 2001இல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். அதற்குள் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதிரடிப்படையினர் மீதான சித்திரவதைப் புகார்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் வழங்கத் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதோ 2004 அக்டோபர் 18இல், தடா காலாவதியாகி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த நடவடிக்கைக்கு அடிப்படையாக இருந்தது உளவுப்பணி.

இரு பெரும் வழக்குகள்

1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கு தடா சட்டப்படி நடந்தது. 1998இல் பூவிருந்தவல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதனை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்தது. மற்ற 19 பேரும் விடுதலையாயினர். தடா குற்றம் இவ்வழக்கில் நிரூபிக்கப்படவில்லை என்றும் கூறியது. எனினும், அச்சட்டப்படி பதிவான வாக்குமூலங்களைச் சாட்சியமாக ஏற்றது.

1998 பிப்ரவரி 14 கோவைத் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தனர். அப்போது தடாவும் இல்லை, பொடாவும் இல்லை. இந்திய தண்டனைச் சட்டம் முதலிய வழக்கமான சட்டங்களின் கீழ் நடந்த வழக்கில், 2007இல் 150க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். ஆயினும் கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த பிறகே குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஆகவே தாமதம் எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவான குறையே. பிணை கிடைப்பது அரிதான சட்டத்தில் அத்தாமதமே தண்டனையாகி விடுகிறது.

பேச்சும் குற்றமும்

விடுதலைப் புலிகளை ஆதரித்துத் திருமங்கலத்தில் பேசியதற்காக, மதிமுக பொதுச்செயலாளர் வைகோ 2002 ஜூலையில் பொடாவில் கைதானார். ஓராண்டுக்கு மேல் வேலூர் சிறையில் இருந்தார். பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கமின்றி வெறும் தார்மிக ஆதரவு தெரிவிப்பது குற்றமாகாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

முடிவுரை

குண்டுவெடிப்பில் உறவினரை இழந்தவர்களுக்கு நீதி தேவை. குற்றமற்றவர் சிறையில் இருப்பதால் அந்த நீதி கிடைத்து விடாது. உண்மைக் குற்றவாளி வெளியே இருக்கவும் அது இடமளிக்கும். விசாரணை நீண்டுகொண்டே போனால் உபா வழக்கிலும் பிணை வழங்கலாம் என 2021இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேர்மையான புலனாய்வும் விரைவான விசாரணையும் உடன் இருந்தால்தான் கடுமையான சட்டம் மக்களுக்குப் பாதுகாப்பாக அமையும்.