பல வலையமைப்புகளில் மின்னஞ்சல் செயலிச் சிக்கல்கள்

மின்னஞ்சல் செயலி என்பது அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்று கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ அஞ்சல்களைப் பெறவும் அனுப்பவும் உதவும் மென்பொருள் ஆகும். இது தானாக அஞ்சலைச் சேர்ப்பதில்லை. வழங்கி எனப்படும் சர்வருடன் இணைந்தே இயங்குகிறது. ஒரே மடிக்கணினி ஒரு நாளில் இரண்டு மூன்று நிறுவனங்களின் வலையமைப்புகளுக்கு மாறும்போது இந்த இணைப்பு அடிக்கடி தடைப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம் இத்தகைய சூழலுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

பின்புலம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் செல்லும் சாலையிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இலும், டெய்ம்லர் சரக்குந்து ஆலை 2012-இலும் திறக்கப்பட்டன. இத்தகைய பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் வளர்ந்தன.

உதிரிபாக நிறுவனங்கள் தங்கள் பொறியாளரை வாங்கும் ஆலையிலேயே அமர்த்துவது வாகனத் தொழிலில் வழக்கம். அவர் காலையில் தம் நிறுவன வலையமைப்பிலும், பகலில் ஆலையின் விருந்தினர் வைஃபையிலும், இரவில் விடுதியில் கைப்பேசி இணைப்பிலும் இருப்பார். டெலிவரி அட்டவணை, வரைபடம், இன்வாய்ஸ் ஆகியவை மின்னஞ்சலில் வரும்போது, ஓர் அஞ்சல் நின்றால் சரக்கு நிற்கலாம், பணமும் நிற்கலாம்.

இரண்டு தனிப் பாதைகள்

அஞ்சலைப் பெறுவதும் அனுப்புவதும் ஒரே வேலை போலத் தோன்றினாலும் அவற்றின் பாதைகள் வேறு.

பெறுவதற்கு ஐமேப் அல்லது பாப்3 நெறிமுறை பயன்படுகிறது. ஐமேப் முறையில் அஞ்சல் வழங்கியிலேயே இருக்கும். எந்தக் கருவியிலும் பார்க்கலாம். பாப்3 முறையில் அஞ்சல் கணினிக்கு இறக்கப்படும். பிரதியை வழங்கியில் வைக்கும்படி அமைக்காவிட்டால் அங்கிருந்து நீக்கப்பட்டுவிடும். ஷிப்டுக்கு ஒருவர் வெவ்வேறு கணினியில் ஒரே முகவரியைத் திறக்கும் அலுவலகங்களில் ‘அஞ்சல் காணாமல் போகிறது’ என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அனுப்புவதற்கு எஸ்எம்டிபி நெறிமுறை பயன்படுகிறது. இதன் முக்கிய வரையறை 1982-இல் வெளியானது. ஆகவே அஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால், பெறும் பாதை நன்றாக உள்ளது என்றும் அனுப்பும் பாதையை மட்டும் ஆராய வேண்டும் என்றும் பொருள்.

போர்ட் எண்கள்

ஒரு வழங்கியில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வாசல் எண் உண்டு. இதுவே போர்ட் எண். மறைகுறியாக்கப்பட்ட ஐமேப்புக்கு 993, பாப்3-க்கு 995, அனுப்புவதற்கு 587 அல்லது 465 பயன்படுகின்றன. 25 என்ற எண் வழங்கிகள் தமக்குள் அஞ்சலைக் கைமாற்றுவதற்கு உரியது. எரிதங்களைத் தடுக்க இணையச் சேவை நிறுவனங்கள் பலவும் பயனர்களிடமிருந்து வெளியே செல்லும் 25-ஐ அடைத்து வைக்கின்றன. பழைய செயலியில் 25 என்று அமைத்திருந்தால், சொந்த அலுவலகத்தில் இயங்கி, வெளியே சென்றதும் நின்றுவிடுவது இதனால்தான்.

சிக்கலைக் கண்டறியும் வரிசை

முதல் விதி, அமைப்பில் எதையும் மாற்றாமல் வலையமைப்பை மாற்றிப் பார்ப்பது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் அஞ்சல் சென்றால் செயலியின் அமைப்பு சரி. ஆலை வலையமைப்பின் தீச்சுவர், அதாவது ஃபயர்வால், தடுக்கிறது என்று கொள்ளலாம். அங்கே கடவுச்சொல்லை மாற்றுவதால் பயனில்லை. அந்த ஆலையின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் 993, 587 ஆகிய போர்ட்களைத் திறக்கக் கோர வேண்டும். அல்லது தம் நிறுவனம் அனுமதித்த விபிஎன் வழியாக இணைய வேண்டும்.

ஹாட்ஸ்பாட்டிலும் செல்லாவிட்டால் இணைய உலாவியில் அதே கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். உலாவியில் திறந்தால் கணக்கு நலமாக உள்ளது. தவறு செயலியின் அமைப்பில் இருக்கலாம். கூகுள் நிறுவனம் 2022 மே மாத இறுதியில் தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லால் நுழையும் பழைய முறையை நிறுத்தியது. எனவே பழைய செயலிகளுக்குத் தனியாகச் செயலிக் கடவுச்சொல் உருவாக்க வேண்டியிருக்கும்.

நிறுவனத்தின் உள்ளே மட்டும் அறியப்படும் பெயரை வழங்கிப் பெயராக இட்டிருந்தால், வெளி வலையமைப்பு அதைக் கண்டுபிடிக்காது. உள்ளும் வெளியும் செல்லுபடியாகும் முழுப் பெயரையே இட வேண்டும்.

பிழைச் செய்தி கூறுவது

மூன்று இலக்க எண்ணுடன் பதில் வந்தால், வழங்கி பேசிவிட்டது என்று பொருள். பாதை திறந்தே உள்ளது. எண்ணே இல்லாமல் ‘நேரம் முடிந்தது’ என்று வந்தால் பெரும்பாலும் அஞ்சல் வழங்கியை எட்டவில்லை.

4-இல் தொடங்கும் எண்கள் தற்காலிக மறுப்பு. சற்றுப் பொறுத்தால் போகலாம். 5-இல் தொடங்குபவை நிலையான மறுப்பு. திருத்தாமல் மீண்டும் அனுப்புவது வீண். 535 என்பது பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்பதாகும். 550 என்பது பெறுநர் முகவரி இல்லை அல்லது கொள்கையின்படி மறுக்கப்பட்டது என்பதாகும். 552 என்பது அளவு மிகுதி. இணைப்புக் கோப்பு அஞ்சலில் செல்லும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாற்றப்படுவதால், 9 எம்பி வரைபடம் 12 எம்பியாகிறது. 10 எம்பி வரம்புள்ள வழங்கி அதை ஏற்காது.

இரு ஆள்களங்கள், ஒரு செயலி

ஆள்களம் அல்லது டொமைன் என்பது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர். ஒரே செயலியில் இரு நிறுவனங்களின் முகவரிகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய அனுப்பும் வழங்கியைத் தனித்தனியே இணைக்க வேண்டும். ஒன்றின் முகவரியை இட்டு மற்றொன்றின் வழங்கி வழியாக அனுப்பினால், அந்த வழங்கியே மறுக்கலாம். அது அனுப்பினாலும் பெறுபவரின் வழங்கி ஐயுறும். ஓர் ஆள்களத்தின் பெயரில் எந்த வழங்கிகள் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் பட்டியலும், டிகிம் எனப்படும் மின் கையொப்பமும் இதற்காகவே உள்ளன. கூகுள், யாகூ நிறுவனங்கள் 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக அனுப்புவோருக்கு இவற்றைக் கட்டாயமாக்கின.

குறுக்குவழியின் ஆபத்து

சான்றிதழ் எச்சரிக்கை தோன்றினால் ‘தொடர்க’ என்று அழுத்துவது பலரின் வழக்கம். முதலில் கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பார்க்க வேண்டும். தேதி பிழையானாலும் இந்த எச்சரிக்கை வரும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை நீடித்தால், இடையில் வேறொரு கருவி அஞ்சலைப் படிக்கக்கூடும். அங்கே கடவுச்சொல்லை இடலாகாது.

அலுவலக அஞ்சல் போகாதபோது சொந்த ஜிமெயிலிலிருந்து இன்வாய்ஸ் அனுப்புவது மற்றொரு வழக்கம். இது அன்றைய வேலையை முடித்துவிடும். ஆனால் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் ஏற்கும் பழக்கத்தை எதிர்முனைக் கணக்குப் பிரிவுக்கு அது ஏற்படுத்துகிறது. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று ஓரெழுத்து மட்டும் மாறிய ஆள்களத்திலிருந்து மோசடி அஞ்சல் வரும்போது, அதை அடையாளம் காண வழியில்லாமல் போகிறது. வங்கிக் கணக்கு மாற்றத்தை முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்ய வேண்டும். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணையும், தம் வங்கியையும் அழைக்க வேண்டும்.