பூட்டிய மண்டபமும் தொட்டில் பிள்ளைகளும்

கியா பார்ம் மேட்டில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் குளிரைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். பனிமூட்டம் விலகுமுன்னே தேயிலைக் காட்டுக்கும், கோசுத் தோட்டத்துக்கும், பாசார் கடைகளுக்கும் நம் பெண்கள் கிளம்பிவிடுகிறார்கள். "பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போறீங்க அக்கா?" என்று கேட்டால், "பெரியவ இருக்கா, பார்த்துக்குவா" என்பதுதான் வழக்கமாக வரும் பதில்.

அந்தப் 'பெரியவ'ளுக்கு வயசு என்ன? எட்டோ ஒன்பதோ! பள்ளிக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவள், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள். சின்னவனைக் காப்பதற்குப் பெரியவளின் படிப்பை அடகு வைக்கிறோம், தோழர்களே! சின்னவனுக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. சுடுதண்ணீர்ப் பானையும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் எட்டு வயசுப் பிள்ளைக்குக் கட்டுப்படுமா?

நம்மில் வயதானவர்கள் ஆயாக் கொட்டகையை மறந்திருக்க மாட்டார்கள். பெரட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையை இறக்கிவிட்டால், வரிசையாகத் தொங்கும் சாரோங் தொட்டில்களில் ஒன்றில் ஆயா போட்டு ஆட்டுவார். பாலும் கொடுப்பார், அதட்டலும் கொடுப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஆட்கள் குறைந்து, பல இடங்களில் அந்தக் கொட்டகைகளும் போய்விட்டன. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைப்பது பற்றி, வீட்டு வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் பேசுகிறது. ஆகவே கோயிலோ சபையோ காப்பகம் தொடங்குவதால் முதலாளியின் கடமை தீர்ந்துவிட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆனால் காய்கறித் தோட்டத்திலும் பாசாரிலும் கூலிக்கு நிற்கும் தாய்மார்களுக்கு எந்தத் தோட்ட நிர்வாகம் வரும்?

இங்கேதான் மலையில் இருக்கும் திருச்சபைகளை நாம் நினைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆராதனை. மற்ற ஆறு நாளும் பக்கத்து மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. கூரை உண்டு, தண்ணீர் உண்டு, கக்கூஸ் உண்டு. அந்த மண்டபத்தில் பிள்ளைகள் தூங்கினால் என்ன?

இது புதிய யோசனையும் அல்ல. பிரான்ஸ் நாட்டு வோஜ் மலைப் பகுதியில் வால்டர்ஸ்பாக் என்ற ஏழைக் கிராமத்துக்கு 1767இல் ஓபர்லின் என்ற போதகர் வந்தார். அந்த மலையிலும் குளிர். அங்கும் தாய் தகப்பன் வேலைக்குப் போனால் பிள்ளைகள் தெருவில்தான். சாரா பான்சே என்ற ஓர் இளம்பெண் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பின்னல் வேலை சொல்லிக் கொடுப்பதைக் கண்டு, 1769இல் அவரையே அந்த வேலைக்கு அமர்த்தினார். சாரா 1774இல் இளவயதிலேயே இறந்துபோனார். ஓபர்லின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த லூயிஸ் ஷெப்லர் பல பத்தாண்டுகள் அந்தப் பணியைத் தாங்கினார். 1829இல் பிரெஞ்சுக் கழகம் அவருக்குப் பரிசு கொடுத்துக் கௌரவித்தது. போதகருக்கு யோசனை இருந்தது, உண்மைதான். ஆனால் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தவர்கள் அந்தப் பெண்கள்!

நம் காப்பகத்திலும் அதுவே முதல் கேள்வி. எத்தனை கைகள் இருக்கின்றன? மலேசியாவில் 1984ஆம் ஆண்டுப் பிள்ளைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நாலு பிள்ளைகளோ அதற்கு மேலோ, ஒரே குடும்பமாக இல்லாமல், கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் இடம் 'தாஸ்கா' ஆகிவிடுகிறது. சமூக நல இலாகாவில் பதிந்தாக வேண்டும். பொம்பாக்காரர்களும் சுகாதார இலாகாவும் ஊராட்சி மன்றமும் இடத்தைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு ஆள், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்து பேருக்கு ஒரு ஆள், மூன்று முதல் நாலு வயதுவரை பத்துப் பேருக்கு ஒரு ஆள் என்பது கணக்கு.

கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். கைக்குழந்தை இரண்டு, நடை பழகியவர்கள் ஆறு, மூன்று வயதைத் தாண்டியவர்கள் நாலு. ஆக பன்னிரண்டு பிள்ளைகள். இதற்கு நாலு ஆட்கள் வேண்டும். 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நாலு பேருக்கு 6,800 வெள்ளி ஆகிறது. பிள்ளைக்குப் பிள்ளை பங்கிட்டால் தலைக்கு 566 வெள்ளிக்கு மேல்! தாயும் அதே 1,700 வாங்குகிறவள் என்றால், மூன்றில் ஒரு பங்கை அப்படியே கொடுத்துவிட்டு வீட்டுக்கு எதைக் கொண்டுபோவாள்?

"அதெல்லாம் வேணாம், சபைப் பெண்கள் இனாமாப் பார்ப்பாங்க" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். நமக்கு அதில் சம்மதமில்லை. இனாம் வேலை முதல் மாதம் ஜோராக நடக்கும். மழைக் காலம் வந்தால் இரண்டு பேர் வரமாட்டார்கள்; அன்றைக்கு வேலைக்குக் கிளம்பி வந்த தாய் பிள்ளையோடு வாசலில் நிற்பாள். ஆயாவும் தொழிலாளிதான். அவருக்குச் சம்பளம் வேண்டும். தாய்மார் ஒரு பங்கு, சபை ஒரு பங்கு, அந்தப் பெண்களை வேலைக்கு வைத்திருப்போர் ஒரு பங்கு என்று எழுதி வைத்துக்கொண்டே கதவைத் திறக்க வேண்டும். சேவைக்கு வருகிறவர்கள் கூடுதல் கையாக இருக்கட்டும்.

ஒரேயடியாகத் தொடங்கவும் வேண்டாம். ஆராதனை நேரத்தில் பெற்றோர் பக்கத்து அறையில் இருக்கும்போதே, இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துப் பழகலாம். யார் கொண்டுவந்து விட்டார், யார் கூட்டிப் போகலாம் என்று ஒரு கொப்பியில் கையெழுத்து. எந்த நேரமும் அறையில் இரண்டு பெரியவர்கள். தெரிந்த முகம், சபைக்கு வேண்டியவர் என்பதற்காக இதைத் தளர்த்தவே கூடாது.

மலைக்கென்றே சில சங்கதிகள் உண்டு. பிள்ளைத்துணி இங்கே காயாது. ஆளுக்கு இரட்டிப்புத் துணி வேண்டும். குளிருக்குக் கரியடுப்பு மூட்டிக் கதவைச் சாத்துவது ஆபத்து. அந்தப் புகை வாசனையில்லாமலே உயிரை எடுத்துவிடும். கம்பளிச் சட்டை, தரையில் தடித்த விரிப்பு, இவை போதும். மருந்தடித்த தோட்டத்திலிருந்து நேரே வரும் தாய், மேல்சட்டையை மாற்றிக் கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். கியா பார்மில் தேனுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு வயசு ஆகும்வரை பிள்ளையின் நாக்கில் தேன் தடவாதீர்கள், தாய்மார்களே! குடலில் நஞ்சு உண்டாக்கும் ஒரு கிருமி தேனில் இருக்கலாம். தாய்ப்பாலைப் பிழிந்து மூடிக் கொடுத்தால், அறைச் சூட்டில் நாலு மணி நேரம், குளிர்பெட்டியில் நாலு நாள்வரை இருக்கும். போத்தலில் பெயர் எழுதிக் கொடுங்கள்.

காய்ச்சலும் வாயில் புண்ணும் கையில் கொப்புளமும் கண்டால் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது. கை, கால், வாய் நோய் 1997இல் சரவாக்கில் பல குழந்தைகளைக் கொண்டுபோனது. ஒரு நாள் கூலி போகுமே என்று தாய் தயங்குவாள். அந்தத் தயக்கம் நமக்குப் புரிகிறது. அதற்கும் சபையின் கணக்கில் ஒரு சிறு தொகை ஒதுக்கி வைத்தால் என்ன?

இன்னொன்று. கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பிள்ளை என்று வாசலில் கேட்கக் கூடாது. மாரியம்மன் கோயிலுக்குப் போகும் தாயும் அதே குளிரில்தான் வேலைக்கு இறங்குகிறாள். பிள்ளையின் நெற்றித் திருநீற்றை யாரும் துடைக்க வேண்டாம். பசியாறும்போது அவரவர் வழக்கப்படி கும்பிட்டுக்கொள்ளட்டும். இதை முதல் கூட்டத்திலேயே போதகர் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டால், பிறகு சந்தேகம் வராது.

முதல் வாரம் பிள்ளைகள் அழத்தான் செய்யும். தாய் கட்டிப் பழகிய ஒரு பழைய சாரோங்கைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். அதைத் தொட்டிலருகே கையில் கொடுத்தால், அந்த வாசனையில் கொஞ்சம் அடங்கும்.