சாரதிக்குப் பின்னால் நிற்பவர்

நுவரெலியாவில் வசந்தகாலம் பிறந்துவிட்டால், மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் என்ஜின்களின் முழக்கம் எழும். 1934இல் தொடங்கிய மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் அது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு போட்டியிட்டு மேடேறுகின்றன. சரிவில் நின்று பார்ப்போர் கண்ணுக்குச் சாரதி ஒருவனே தெரிகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு குழு இருப்பதையும், அக்குழுவுக்கு ஒரு தலைவன் வேண்டியிருப்பதையும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்த நேயர்களுக்கு இது புதிதன்று. வாட்டல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல் ஆகியவற்றுள் ஓரிடத்தில் நேரம் தவறினாலும் நல்ல கொழுந்து வீணாகிவிடும். பிறகு யார்மீது பழி என்ற வழக்கே மிஞ்சும்.

இத்தாலியின் பெராரிக் குழு நெடுங்காலம் அத்தகைய வழக்கிலேயே உழன்றது. 1979க்குப் பின் அதன் சாரதி எவரும் உலகப் பட்டம் பெறவில்லை. 1993இல் ஜான் டோட் என்ற பிரெஞ்சுக்காரர் பொறுப்பேற்றார். அவர் முன்பு ராலிப் பந்தயங்களில் சாரதியின் அருகே அமர்ந்து வழி சொன்னவர். தாம் ஓட்டாமல் பிறரை ஓட்டுவிக்கும் கலை அங்கேயே வாய்த்திருக்க வேண்டும். 1996இல் மைக்கேல் சூமாக்கரைச் சேர்த்தார். ராஸ் பிரான், ரோரி பேர்ண் என்னும் பொறியியல் வல்லுநர்களையும் வரவழைத்தார்.

அரசியல் திறனும் வேண்டியிருந்தது. 1999இல் மலேசியப் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களைப் பெற்ற பெராரி வண்டிகள், ஒரு பலகையின் அளவில் குறையென்று தகுதி நீக்கப்பட்டன. பாரிஸில் மேன்முறையீடு செய்து, அளவெடுத்த முறையையே கேள்விக்குள்ளாக்கி, குழு வென்றது. அவ்வாண்டு அணிப் பட்டமும் கிட்டியது. மறு ஆண்டு சூமாக்கருக்குச் சாரதிப் பட்டமும் வந்தது.

ஆயினும் 2002 மே மாதம் ஆஸ்திரியாவில் நடந்ததைப் பாராட்ட இயலாது. முன்னணியில் சென்ற ரூபன்ஸ் பரிச்செல்லோ, குழுவின் கட்டளைப்படி, எல்லைக்கோட்டருகே வேகத்தைத் தணித்துச் சூமாக்கருக்கு வழிவிட்டார். மக்கள் கூச்சலிட்டு இகழ்ந்தனர். வெற்றி மேடையில் சூமாக்கர் தம் முதலிடத்தைத் தோழருக்கு விட்டுக்கொடுத்ததும் விதிமீறலாயிற்று. பத்து லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இத்தனைக்கும் அந்தப் புள்ளிகள் தேவைப்படவே இல்லை: ஆறு பந்தயங்கள் எஞ்சியிருக்கையில் ஜூலையிலேயே சூமாக்கர் பட்டத்தை உறுதிசெய்துகொண்டார்.

2003 முதல் இத்தகைய கட்டளைகள் தடைசெய்யப்பட்டன. தடை இருந்தும் கட்டளைகள் மறைமொழியில் தொடர்ந்தன. 2010இல் ஜெர்மனியில் பெராரி மீண்டும் அபராதம் கட்டியது. அவ்வாண்டு இறுதியில் தடையே நீக்கப்பட்டது. அப்போது சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் ஜான் டோட்.