சீன வாக்கியமும் தமிழ்ச் செவியும்

ஆடி அமாவாசைக் கூட்டம் ஓய்ந்த ஒரு மாலையில் கீரிமலைக் கேணிக்கட்டில் அமர்ந்திருந்தேன். ஒருபுறம் சுண்ணக்கற் பாறையினூடே ஊறிவரும் நன்னீர். மறுபுறம் உப்புக் கடல். இரண்டுக்கும் இடையே ஒரு சுவர். பக்கத்தில் என் தமக்கையின் மகன். சீனாவுக்குச் சென்று உயர்கல்வி பயிலப் புலமைப்பரிசில் பெற்றவன். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற சீன மொழிப் பாலபாடம் ஒன்று அவன் மடியிற் கிடந்தது.

"மாமா, இந்த மொழி முழுக்கத் தலைகீழாய்க் கிடக்குது" என்றான் சலிப்போடு.

அந்தச் சலிப்பு எனக்குப் புதிதன்று. கொழும்பில் ஆசிரியனாய் இருந்த காலத்தில், மாலை வகுப்பொன்றில் நானும் அம்மொழியின் அரிச்சுவடியைப் பயின்றவன். நனைந்த விரலால் கட்டின் மேல் எழுதிக் காட்டினேன்: "வோ ஹெ ச்சா." 'வோ' என்றால் நான்; 'ஹெ' என்றால் குடித்தல்; 'ச்சா' என்றால் தேநீர். நம் 'சாயா'வும் தேயிலையின் 'தே'யும் சீனத்தின் இருவேறு வட்டார வழக்குகளிற் பிறந்து, உலகைச் சுற்றி நம்மிடம் வந்த சொற்களே. சீன ஒலிகளின் ஏற்ற இறக்கத்தைத் தமிழெழுத்து முற்றக் காட்டாது. வரிசையைக் காட்ட இது போதும்.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்பது சீனத்தின் அடிப்படை வரிசை. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்பது நம்முடைய வழக்கு.

நிற்க. வரிசை மாறினால் நமக்கு என்ன கேடு? 'நான் தேநீரைக் குடிக்கிறேன்' என்றாலும், 'தேநீரைக் குடிக்கிறேன் நான்' என்றாலும் பொருள் கெடுவதில்லை. 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு செயப்படுபொருளைக் காட்டிக்கொடுக்கிறது. வினைமுற்றின் விகுதி செய்தவனைக் காட்டிக்கொடுக்கிறது. சீனச் சொல்லுக்கோ அத்தகைய உருபும் இல்லை, விகுதியும் இல்லை. சொல் நிற்கும் இடமே அதற்கு வேற்றுமை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதல் மாதத்தில் ஒருநாள், 'உங்களை ஒன்று கேட்கிறேன்' என்று ஆசிரியரிடம் சொல்ல விரும்பினேன். 'வென்' என்றால் கேட்டல். 'நீ' என்பதற்குச் சீனத்திலும் 'நீ' என்பதே சொல், மரியாதைக்கு 'நின்'. இவை தமிழோடு ஒத்திருப்பது தற்செயலேயன்றி உறவன்று. 'உங்களை' என்பது தமிழ் நாவுக்கு முந்தி வந்தமையால், "நின் வென் வோ" என்றேன். 'நீங்கள் என்னைக் கேளுங்கள்' என்று பொருள் கொண்ட ஆசிரியர், புன்முறுவலோடு என்னையே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்! "வோ வென் நின்" என்றல்லவா நான் சொல்லியிருக்க வேண்டும்? உருபைக் கைவிட்டவன் வரிசையையும் கைவிட்டால் கதி என்னாகும் என்பதை அன்று கண்டேன்.

ஆயினும் சீனம் முழுவதும் தலைகீழா? மருமகனுக்கு நீண்டதொரு வாக்கியம் எழுதினேன்: "வோ ஜின்தியென் ஸாய் கீரிமலை ஹெ ச்சா." சொல்லுக்குச் சொல்: நான், இன்று, இல், கீரிமலை, குடி, தேநீர். யார், எப்போது, எங்கே என்பன வினைக்கு முன்னரே அணிவகுத்துவிட்டன. 'நான் இன்று கீரிமலையில் தேநீர் குடிக்கிறேன்' என்ற நம் வாக்கியத்தின் நடையும் அதுவேயன்றோ? காலத்தையும் இடத்தையும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளுவது ஆங்கிலந்தான்.

மேலும் பார்ப்போம். 'வோ தெ ஷூ' என்றால் என்னுடைய புத்தகம். 'வோ ஹெ தெ ச்சா' என்றால் நான் குடிக்கும் தேநீர். நம் பெயரெச்சத் தொடரைப் போலவே, அடை எத்துணை நீண்டாலும் பெயருக்கு முன்னரே நிற்கிறது. "நீ ஹெ ஷென்ம?" என்றால் நீ என்ன குடிக்கிறாய்? வினாச்சொல் முன்னே பாயாமல் விடை நிற்கவேண்டிய இடத்திலேயே நிற்கிறது. ஆம், இல்லை என்னும் விடை வேண்டின், நாம் ஈற்றில் 'ஆ' சேர்ப்பதுபோல் அவர்கள் 'மா' சேர்க்கிறார்கள்.

"அப்பிடியெண்டால் வித்தியாசம் ஒரு இடத்திலதானே, மாமா!" என்றான்.

"மூன்று இடம்" என்று திருத்தினேன். செயப்படுபொருள் வினைக்குப் பின் வரும். 'இல்' என்னும் நம் உருபு பெயருக்குப் பின் ஒட்ட, அவர்களுடைய 'ஸாய்' பெயருக்கு முன் நிற்கும். நம் 'இல்லை' வினைக்குப் பின் வர, அவர்களுடைய 'பு' வினைக்கு முன் வரும்: "வோ பு ஹெ ச்சா", நான் தேநீர் குடிப்பதில்லை. தொடக்க மாணவன் இம்மூன்றையும் நெஞ்சிற் பதித்தால் பாதி வழி கடந்தவனாவான். ஆங்கிலத்தின் தோளில் ஏறிச் சீனத்தைப் பார்ப்பவனுக்கு, தன் தாய்மொழி தந்திருக்கும் குறுக்குவழி தெரியாமற் போகிறது. தமிழ் வழியே எழுதிய சீனப் பாலபாடம் நம் மாணவர் கையில் இருத்தல் வேண்டும் என்பது இதனாலேயே.

இவ்விரு மொழிகளும் நம் தீவில் அருகருகே நின்றமைக்குக் கல்லே சான்று. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் காலிக் கல்வெட்டு, சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பயணத்தில் வந்தது. 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. அக்கல்லில் எவர் வாக்கியமும் தலைகீழ் அன்று. ஒவ்வொன்றும் தன் வரிசையிலேயே நிற்கிறது. 2021இலோ கொழும்பில், சீனம் இடம்பெற்றுத் தமிழ் விடுபட்ட பலகைகள் பற்றி விவாதம் எழுந்தது. அதற்காகச் சீனத்தின் மீது சினந்து பயனில்லை. தமிழ் நிற்கவேண்டிய இடத்தைக் கேட்டுப் பெறுவதும், அயல்மொழியை அதன் இடத்தில் வைத்துக் கற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பொழுது சாய்ந்தது. கட்டின் மேல் எழுதிய சொற்கள் உலர்ந்து மறைந்தன. மருமகன் எழுந்து, சற்றே யோசித்து, "நின் ஹெ ச்சா மா?" என்றான், மரியாதை குறையாமல்.

சீனத்தில் இதற்கு 'ஆம்' தேடவேண்டியதில்லை. 'குடிக்கிறேன்' என்று நாம் சொல்வதுபோல வினையையே திருப்பிச் சொன்னாற் போதும்.

"ஹெ" என்றேன். இருவரும் தேநீர்க்கடை நோக்கி நடந்தோம்.