ஊழியர்கள் வர முடியல... பேப்பரே வரல! வெள்ளம் வந்தாலும் வேலை நிற்காமல் இருக்க நிறுவனங்கள் என்ன செய்யணும்?

2015 டிசம்பர் 2. 1878-ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ், வரலாற்றில் முதல்முறையாக அன்று சென்னையில் வெளிவரவில்லை. காரணம், மறைமலைநகரில் இருக்கும் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை.

அன்று காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டியது 49 செ.மீ. மழை. அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. மூடப்பட்ட சென்னை ஏர்போர்ட்டில் பயணிகள் விமான சேவை டிசம்பர் 6-ல்தான் மீண்டும் தொடங்கியது.

அப்போது கைகொடுத்தது எது?

மாற்று இடம்தான். அரக்கோணம் கடற்படை விமான தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. ஐடி நிறுவனங்கள் சில, ஊழியர்களை பஸ்ஸில் பெங்களூருக்கு அனுப்பி வேலையைத் தொடர்ந்தன. இப்படி முன்கூட்டியே யோசித்து எழுதி வைப்பதுதான் 'பிசினஸ் கன்டினியூட்டி பிளான்', அதாவது தொழில் தொடர்ச்சித் திட்டம். இதற்கென்றே ஐஎஸ்ஓ 22301 என்ற சர்வதேச தரநிலை இருக்கிறது.

ஜெனரேட்டர் இருக்கே, போதாதா?

போதாது. அது பேஸ்மென்ட்டில் இருந்தால் முதலில் மூழ்குவதே அதுதான். டீசல் எத்தனை மணி நேரம் வரும், இயக்கத் தெரிந்தவர் வர முடியுமா என்பதையும் பார்க்கணும்.

சின்ன கடைக்கும் இது தேவையா?

தேவை. குரோம்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப் என்று வைத்துக்கொள்வோம்.

* எது நிற்கக் கூடாது? இன்சுலின் வைத்திருக்கும் ஃபிரிட்ஜ். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். கரண்ட் போனால் எங்கே மாற்றுவது?
* யார் வருவார்? சப்வேயில் தண்ணீர் நின்றாலும் நடந்தே வரக்கூடிய ஊழியர் யார்? அவரிடம் ஒரு சாவி இருக்கா?
* கணக்கு எங்கே? கம்ப்யூட்டரில் மட்டும் இல்லாமல், ஆன்லைனிலும் ஒரு நகல் வேண்டும்.
* போன் நம்பர்கள்? 2015-ல் செல்போன் சிக்னலும் பல இடங்களில் போனது. முக்கிய நம்பர்கள் பேப்பரிலும் இருக்கட்டும். சிக்னலே இல்லாவிட்டால் எங்கே சந்திப்பது என்றும் பேசி வையுங்கள்.

எப்போது செய்யணும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் ஏர்போர்ட் மூடப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரத்தில் மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது. எனவே செப்டம்பரில் ஒருநாள் மெயின் ஸ்விட்சை அணைத்து, ஓனர் இல்லாமல் கடையை நடத்திப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறதோ, அதை மழைக்கு முன்பே சரி செய்துவிடலாம்.