பிசுக்கே சோப்பாகும்

குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "போன பொங்கலுக்குச் சமையலறைக் கூரைக்கு எமல்ஷன் அடித்தோம். ஆடி பிறப்பதற்குள் அடுப்புக்கு நேர் மேலே மட்டும் உரிந்து தொங்குகிறது. உப்புக் காற்றுதான் காரணம் என்கிறார் பெயின்டர். ஆப்பசோடாவையும் வினிகரையும் கலந்து தேய்த்துவிட்டு அடித்திருந்தால் உரிந்திருக்காது என்கிறது கைப்பேசியில் வந்த ஒரு வீடியோ. யார் சொல்வது சரி?"

இருவர் சொல்வதும் சரியில்லை. மரக்காணம் வரை நீளும் உப்பளக் கரையில் உப்பு பெயின்ட்டுக்கு எதிரிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் உப்பு மட்டுமே காரணம் என்றால் கடலைப் பார்த்த வெளிச்சுவர்ப் பக்கம்தான் முதலில் உரிந்திருக்கும். அடுப்புக்கு மேலே மட்டும் உரிகிறது என்றால், அங்கே கான்கிரீட்டுக்கும் புதுப் பெயின்ட்டுக்கும் நடுவில் இன்னொரு பூச்சு இருக்கிறது. அதை யாரும் அடிக்கவில்லை, தாளிப்பு அடித்தது.

கடுகு வெடிக்கும்போதும் ஈரமான கறிவேப்பிலை எண்ணெயில் விழும்போதும் நீர் சட்டென்று ஆவியாகி எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. பெரிய துளிகள் அடுப்பு மேடையில் விழுகின்றன, அவற்றை அன்றே துடைத்துவிடுகிறோம். மிகச் சிறியவை அடுப்பின் சூட்டோடு மேலெழும் காற்றில் ஏறிக் கூரையில் ஒட்டுகின்றன. அங்கே அவற்றைத் துடைக்க ஆளில்லை. அதன்பின் நடப்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கும் விஷயம்: எண்ணெய் அங்கே காய்கிறது.

எண்ணெய் காய்வது துணி காய்வதிலிருந்து வேறு. துணியிலிருந்து நீர் வெளியேறுகிறது. எண்ணெய்க்குள் ஆக்சிஜன் நுழைகிறது. காயக் காய அதன் எடை கூடுகிறது. கொழுப்பு மூலக்கூறு என்பது கிளிசரால் என்னும் குட்டைக் கட்டையில் மூன்று நீளக் கயிறுகளைக் கட்டிவிட்ட அமைப்பு. அந்தக் கயிறுகளில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடங்களை ஆக்சிஜன் பிடித்து, பக்கத்து மூலக்கூறின் கயிறோடு முடிச்சுப் போடுகிறது. பொம்மையார்பாளையம் கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர் கண்ணிக்குக் கண்ணி முடிச்சிடுகிறாரே, அதே வேலையைக் கூரையில் காற்று செய்கிறது. மாதங்கள் போகப் போக வலை நெருங்குகிறது. புகைக்கரி, தூசி, கடற்காற்றின் உப்புத் துகள் எல்லாம் அதில் மாட்டும் மீன்கள். முதலில் கையில் பிசுபிசுக்கும் படலம், பிறகு நகத்தால் கீறினாலும் வராத பழுப்புத் தோலாகிறது. ஓவியர்களின் ஆளிவிதை எண்ணெய்ச் சாயமும் பழைய வார்னிஷும் இறுகுவது இதே வழியில்தான்.

எந்த எண்ணெய் எவ்வளவு முடிச்சுப் போடும் என்பதை அயோடின் எண் சொல்லும். தேங்காயெண்ணெய்க்கு அது 10ஐ ஒட்டி இருக்கும். பாமாயிலுக்கு 50 சொச்சம், கடலெண்ணெய்க்கு 90 அளவில், நல்லெண்ணெய்க்கு 110 அளவில், சூரியகாந்திக்கு 130ஐ ஒட்டி. வேண்டுமென்றே பெயின்ட்டுக்குப் பயன்படும் ஆளிவிதைக்கு 170க்கு மேல். தேங்காயெண்ணெய் மட்டுமே புழங்கும் வீட்டுக் கூரை வழுவழுப்பாகவே நிற்க, சூரியகாந்தியில் பொரிக்கும் வீட்டுக் கூரை வார்னிஷ் பூசிக்கொள்வது இதனால்தான்.

இந்தத் தோலின்மீது நீர் கலந்த எமல்ஷனை அடித்தால் அது பரவத்தான் செய்யும். பெயின்ட்டில் உள்ள பரப்பு இழுவிசை குறைக்கும் சரக்குகள் அதைப் பரப்பிவிடும். ஆனால் காரையின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ள வழியில்லை. அடித்த அன்று கூரை பளிச்சென்று இருக்கும். பின்பு அடுப்பின் சூட்டில் அடியிலுள்ள படலம் இளகும்போது மேல்பூச்சு கைவிடப்படும்.

வலையைக் கழற்ற என்ன வழி? முடிச்சுகளை அவிழ்க்கச் சமையலறையில் எந்தப் பொருளாலும் முடியாது. அவிழ்க்கத் தேவையும் இல்லை. கயிறு கட்டையில் சேரும் இடம் ஓர் எஸ்டர் பிணைப்பு. காரம் அதை அறுக்கும். அறுந்த ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் சோடியம் வந்து உட்காருகிறது. எண்ணெயை நாடும் நீள வாலும் நீரை நாடும் தலையும் கொண்ட அந்தப் பொருளுக்குப் பெயர் சோப்பு. அதாவது பிசுக்கைக் கழுவத் தேவையான சோப்பைப் பிசுக்கே உண்டாக்கித் தருகிறது. வலையின் துண்டுகள் தாமே மிதவை கட்டிக்கொண்டு, பிடித்த மீன்களையும் சுமந்து நீரில் இறங்கிவிடுகின்றன. வெளியிலிருந்து ஊற்றும் பாத்திர சோப்பு படலத்தின் மேல்முகத்தைத்தான் தொடும். இது படலத்துக்குள்ளேயே பிறக்கிறது. இத்தனை எளிமையான ஒரு வினை இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்வதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

அந்தக் காரம் மளிகைக் கடையில் கிடைக்கும் சலவைச் சோடா, ஆப்பசோடா அல்ல. ஆப்பசோடாக் கரைசலின் பிஎச் 8 சொச்சம். சலவைச் சோடாவினுடையது 11ஐத் தாண்டும். மூன்று படி வித்தியாசம் என்றால் பிணைப்பை அறுக்கும் ஹைட்ராக்சைடு சுமார் ஆயிரம் மடங்கு. வீடியோக்காரர் அந்த மெலிந்த காரத்திலும் வினிகரை ஊற்றி, இருக்கும் கொஞ்ச வலுவையும் அழிக்கிறார். மிஞ்சுவது சோடியம் அசிடேட், நீர், கரியமில வாயு. பொங்கும் நுரை கண்ணுக்கு வேலை நடப்பதாகக் காட்டுகிறது, பிசுக்கில் அதற்குப் பிடியில்லை. 'எந்தப் பரப்பிலும் ஒட்டும்', 'கழுவத் தேவையில்லை' என்று டப்பாவில் எழுதி விற்கும் பிரைமர்களையும் நான் நம்புவதில்லை.

வரலாறு கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: கொழுப்பு அமிலங்களும் கிளிசராலும் சேர்ந்ததே கொழுப்பு என்று 1823இல் நூலாக எழுதி நிறுவியவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல். அதற்கு வெகுகாலம் முன்பே நம் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணியை ஊறவைத்து வெள்ளாவி வைத்தார்கள். அந்த மண்ணின் வேலையும் சோடாவின் வேலையே. இன்றைய சலவைச் சோடாவோ உப்பிலிருந்து பிறக்கிறது: உப்புக் கரைசலில் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் செலுத்தும் சால்வே முறை 1860களில் வந்தது. கழுவாமல் மேலே பூசிவிடுவதன் விளைவுக்கு அஜந்தா சாட்சி. 1920களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய வல்லுநர்கள் ஓவியங்களின்மீது அரக்கு வார்னிஷ் பூசினார்கள். அது மஞ்சளாகி, அடியிலிருந்த கறையையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. பிறகு வந்தவர்கள் அதை நீக்கப் பல ஆண்டு பாடுபட்டார்கள்.

செய்முறையில் முக்கியமானது நேரம். லிட்டருக்கு 50 கிராம் சலவைச் சோடா, கை பொறுக்கும் சூட்டில் நீர். பிணைப்பு அறுபட நிமிடங்கள் வேண்டும், கூரையிலோ கரைசல் நிற்காமல் சொட்டும். பழைய பருத்தித் துணியை நனைத்துக் கூரையில் ஒட்டிவிட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். வெளிர்மஞ்சள் நீர் வழிந்தால் சோப்பு பிறந்துவிட்டது என்று பொருள். பிறகு துடையுங்கள், தேவையானால் மறுபடி ஒட்டுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் கரைசல் படக் கூடாது, அரித்துவிடும். சதுர அடிக்குக் கூலி பேசும்போது கழுவுவதற்கென்று யாரும் தனியாகப் பேசுவதில்லை. அதைப் பேசிவிட்டால் எந்தப் பெயின்டரும் பொறுமையாகக் கழுவித் தருவார். கூரையில் பழைய எனாமல் இருந்தால் உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம், தேய்த்தால் அது தூசியாகப் பறக்கும்.

கழுவும் நீரில்தான் உங்கள் ஊரின் சிக்கல் இருக்கிறது. கடலோரக் கிணற்று நீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் படலமாகிக் கூரையில் தங்கும். அது புதிய பிசுக்கு. சோடாக் கரைசல் முதலில் அந்தக் கால்சியத்தைப் படியவைத்து நீரை மென்மையாக்குவதால் கழுவும்போது பரவாயில்லை. கடைசி இரண்டு அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். அந்த அலசலை விட்டுவிடவே கூடாது. கூரையில் தங்கிய சோடா, நீங்கள் அடுத்து அடிக்கும் பிரைமர் எண்ணெய் வகையாக இருந்தால் அதையும் சோப்பாக்கத் தொடங்கும். நம்மைக் காத்த அதே வினை மாறாமல் புதுப் பூச்சையும் தின்னும். அலசியபின் கூரையில் நீரைத் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் பிசுக்கு பாக்கி இருக்கிறது. ஒரே படலமாகப் பரவினால் போய்விட்டது.

இனி உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு நீரை இழுத்துத் தானே கரையும். உங்கள் கரையில் பெரும்பாலான இரவுகளில் அந்த ஈரம் உண்டு. பகலில் அது மறுபடி படிகமாகிப் பூச்சைத் தள்ளும். வடகிழக்குப் பருவமழை முழுக்க மொட்டைமாடியில் நீரைக் குடித்த தளத்துக்கு மார்கழியில் பெயின்ட் அடிப்பது நம் வழக்கம். பொங்கலுக்கு வீடு புதிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை புரிகிறது, ஆனாலும் சமையலறைக் கூரையை மாசி, பங்குனிக்குத் தள்ளிவையுங்கள். ஒரு முழத் துண்டு பாலிதீன் தாளை நாற்புறமும் டேப் ஒட்டிக் கூரையில் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். வியர்க்கவில்லை என்றால் பிரைமர் டப்பாவைத் திறக்கலாம்.